சுண்ணாம்பு என்று எழுதிய வரி

"செவ்வாய், காலை ஆறு பத்து. மூன்றாம் குளம். சுண்ணாம்பு இட்டது."

என் கொப்பியில் இப்படி ஒரு வரி இருக்கிறது. கிழமை சரி. நேரம் சரி. சுண்ணாம்பு பொய்!

போட்டது அமொக்சிசிலின், மனிதருக்குக் கொடுக்கும் கிருமிக்கொல்லி மருந்து. மாத்திரைக் கூடுகளைப் பிரித்து, தூளை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்து, இறால் தீனியோடு நானே பிசைந்தேன்.

அறியாமல் செய்தேன் என்று நினைக்காதீர்கள். யுத்தம் முடிந்த பின் கற்பிட்டிக் களப்போரத்து இறால் பண்ணையொன்றில் நான் கண்காணி. மழை தொடங்கிய நிமிடத்தைக்கூட எழுதி வைப்பவன், கிடைத்ததையெல்லாம் வாசிப்பவன். குளத்தில் கண்ட வெள்ளைப்புள்ளி நோய் வைரசால் வருவது, இந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். செத்து ஒதுங்கும் இறால்களைப் பார்த்துக்கொண்டு உங்களால் சும்மா நிற்க முடியுமா?

கொள்வனவுக்கு வருபவர்கள் கொப்பியைப் புரட்டுவார்கள். மருந்து என்றிருந்தால் ஒரு கூடைகூட எடுக்கமாட்டார்கள். ஆகவே சுண்ணாம்பு. இதற்காக நான் தலைகுனியப் போவதில்லை!

என் குற்றம் அடுத்தது...

அறுவடையன்று என் தங்கையின் கணவன் நிஸார் அதே குளத்தில் இறங்கி, சிப்பியில் காலைக் கிழித்துக்கொண்டான். இரண்டு நாளில் பாதம் வீங்கிற்று. ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "குளத்துக்கு மருந்து ஏதும் போட்டீங்களா? அதைப் பார்த்துத்தான் நான் ஊசி தெரிவு செய்யணும்."

நான் வாய் திறக்குமுன் நிஸார் சிரித்தான். "மச்சான்ட கொப்பியப் பாருங்க டொக்டர். என்ட கலியாணத்துக்கு நான் எத்தன நிமிஷம் பிந்தி வந்தேன்டும் அதுல ஈக்கி!"

"சுண்ணாம்பு மட்டுந்தான்," என்றேன்.

ஏன்? வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை. என் கொப்பி பொய் சொல்லும் என்று அவன் முன்னால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அவ்வளவுதான்... அவ்வளவேதான்!

அமொக்சிசிலின் குடும்பத்து மருந்தையே ஏற்றினார்கள். நாலாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. "இந்தப் பற்றீரியா ஒரு நொதியத்தைச் சுரக்குது. நாங்க ஏத்துற மருந்த அது வெட்டிப் போடுது," என்றார் டொக்டர். மருந்தை மாற்றினார்கள். அதற்குள் இரண்டு கால்விரல்கள் கறுத்துவிட்டன. வெட்டி எடுத்தார்கள்.

"மச்சான், இதையும் எழுதுங்க. நேரத்த உட்டுடாதீங்க," என்றான் நிஸார்.

எழுதினேன். வெள்ளி, காலை ஒன்பது நாற்பது.

அவனிடம் மன்னிப்புக் கேள் என்கிறீர்களா? மாட்டேன்! கேட்டால் உடனே தந்துவிடுவான். அது எனக்கு வேண்டாம். அந்தச் சுண்ணாம்பு வரியை அடிக்கவும் மாட்டேன். பக்கத்தில் "பொய்" என்று எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன். அவன் இன்னும் பார்க்கவில்லை.

அவன் காலில் இருந்த கிருமி என் குளத்து மருந்துக்குப் பழகியதுதானா? அறுவடையோடு நீரைக் களப்புக்குள் திறந்துவிட்டோம். யாரும் சோதிக்கவில்லை. கொப்பியில் அந்த இடத்தில் மட்டும் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: உறுதிப்படுத்தப்படவில்லை.