ஒட்டுபால் சுற்றின பென்சில்

சுகிர்தபாய் என் பக்கத்து வீட்டுக்காரி. அமரவிளைக்கு உள்ளே, ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது வீடு. விடியும் முன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள். வெயில் ஏறியதும் பாலைச் சேகரித்து, டிஷ் என்று நாங்கள் சொல்லும் அலுமினியத் தட்டில் உறைய ஊற்றுவாள். வளைகுடாவுக்குப் போன புருஷன் போன் பண்ணுவதைக்கூட நிறுத்திவிட்டான். மகளின் எழுத்துக்கு அவள் மெனக்கெடவில்லை என்று பள்ளிக்கூடத்துப் பக்கம் பேசிக்கொள்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மகள் சோனாவுக்கு ஏழு வயது, நல்ல வாயாடி. கைதான் சொன்ன பேச்சைக் கேட்காது. பட்டன் போடுவது, கரண்டி பிடிப்பது எல்லாமே தாமதம். பென்சிலைப் பிடித்தால் நழுவிவிடும். நெய்யாற்றின்கரையில் தெரப்பி கொடுக்கிற பெண், தடித்த பென்சில், அதில் மாட்டும் ரப்பர் பிடி, சாய்வுப் பலகை, மணல் தட்டு என்று போனில் படம் படமாகக் காட்டினாள். விலையைக் கேட்டதும் சுகிர்தபாய் எழுந்து வந்துவிட்டாள்.

"நம்ம ஊருல இருந்துட்டு ரப்பரக் காசு குடுத்து வாங்கணுமாக்கும்!" என்றாள் என்னிடம்.

ஓட்டையான டிஷ்ஷில் ஆற்றுமணலைப் பரப்பினாள். விரலால் எழுத அது போதும். உடைந்த கதவுப் பலகையை ஓட்டுத்துண்டுகள் மேல் சாய்த்து வைத்தாள். விரலுக்குத் தெம்பு வர, கொடியில் துணிக் கிளிப் மாட்டுகிற வேலையைச் சோனாவுக்கே கொடுத்தாள். பென்சில் பிடிக்குத்தான் அவளுடைய மூளை வேலை செய்தது. மரத்தில் வெட்டின சாலில் பால் காய்ந்து ரிப்பன் மாதிரி உரிந்து வரும், அதுதான் ஒட்டுபால். அதைப் பென்சிலைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டினாள். சோனாவின் விரல்கள் அதில் பதிந்து, பதிந்த இடத்திலேயே நின்றன.

மார்ச்சில் ஒரு நாள் குறித்திருந்தார்கள். வெளியிலிருந்து சோதிக்க வரும் மேடத்தின் முன்னால் சோனா தன் பேரை எழுதினால் இங்கேயே இரண்டாம் வகுப்பு. இல்லாவிட்டால் திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலோடு சேர்ந்த ஸ்பெஷல் ஸ்கூல். பள்ளியில் அவளை எழுத வைப்பதே இல்லை, படம் பார்க்க விட்டுவிடுவார்கள். எழுத்தெல்லாம் வீட்டில்தான். மலையாளத்தில் அவள் பேருக்கு வளைவு கொஞ்சமா? பிப்ரவரி முடிவதற்குள் எழுதிவிட்டாள். கோணல்தான், ஆனால் வாசிக்கலாம். சுகிர்தபாய் அதைக் கொண்டுவந்து எனக்குக் காட்டி அழுதாள்.

அந்தப் பென்சில் நாறியது. எங்கள் தோட்டப் பக்கம் வீட்டுக்கு வீடு ரப்பர் ஷீட் காய்கிறது, எங்கள் மூக்குகள் மரத்துப் பல வருஷமாயிற்று. அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் இருக்கிற மெயின் ரோட்டுப் பக்கத்தில் ரப்பர் கிடையாது.

குறித்த நாளில் வகுப்பில், மேடத்தின் முன்னால், சோனா பென்சில் டப்பாவைத் திறந்ததுமே பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். சரோஜம் டீச்சர் அவர்களை அதட்டினார். பிறகு அந்தப் பென்சிலைக் காகிதத்தில் பொதிந்து குப்பைக் கூடையில் போட்டார். சோனாவின் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நட்சத்திரம் போட்ட புதுப் பென்சில் ஒன்றைக் கொடுத்தார். நல்ல மனசுதான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வராந்தாவில் நின்ற சுகிர்தபாய் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "டீச்சரே, அவ அதுலயாக்கும் எழுதுவா. அதக் குடுங்க."

"சாரமில்ல, போகட்டு சுகிர்தபாய், இது புதுசு. மோளு எழுதட்டு."

சுகிர்தபாய் தன் கையை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரியாத நாற்றத்தை எப்படி மறுப்பது? பிள்ளைகள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கூசிப்போய்த் தள்ளி நின்றுவிட்டாள்.

புதுப் பென்சில் வழுக்கி விழுந்தது. சோனா எடுத்தாள், மறுபடி விழுந்தது. ஒரு கோடு இழுத்தாள். அப்புறம் கைகளை மடியில் ஒளித்துக்கொண்டாள். மேடம் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பினார். ஜூனில் ஹாஸ்டல் என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் சுகிர்தபாய் டிஷ்ஷில் மணலைப் பரப்பி வைத்தாள். சோனா விரல் வைக்கவில்லை.

"அம்மா, எனக்க கை நாறுதா?"

சுகிர்தபாய் அந்தக் கையை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முகர்ந்தாள்.

"இல்ல மக்கா. ஒண்ணும் இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை. சோனா கையை உருவி, பாவாடையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.