எஸ்எஸ்டி மாற்றப் போன போர்மேன்

என் மனைவியின் லேப்டாப் திறக்கிற நேரத்தில் டீ போட்டுவிடலாம். பேச்சுக்குச் சொல்லவில்லை, அவள் தினமும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். பட்டனை அமுக்கிவிட்டு அடுக்களைக்குப் போவாள். டீ கொதித்து, வடிகட்டி, எனக்கொரு தம்ளர் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பேட்டரி செத்துப் பல காலமாகிறது. சார்ஜர் ஒயரை யாராவது காலால் தட்டிவிட்டால் அந்த நொடியே உயிரை விட்டுவிடும்.

அவள் விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். பிளஸ் டூ பிள்ளைகளுக்காக வருஷக்கணக்கில் மவுசைப் பிடித்து அவளே வரைந்த படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. நெட்டில் ஆயிரம் படம் கிடைக்கிறதே என்றால், கோணலாக இருந்தாலும் டீச்சர் வரைந்ததுதான் பிள்ளைகள் மனசில் நிற்கும் என்பாள். அதில் காய்ச்சி வடிக்கிற குடுவை ஒன்று உண்டு. பூசணிக்காய்க்கு மூக்கு முளைத்த மாதிரி இருக்கிறது என்று நான் சொல்லப் போய், வீட்டில் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. வேறு எங்கும் அந்தப் படங்களுக்கு நகல் கிடையாது. எடுத்து வைக்கணும், எடுத்து வைக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அரையாண்டுப் பரீட்சைக்கு ரிவிஷன் நடத்த அதுதான் அவளுக்கு எல்லாமே. ஆனால் எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டி, உள்ளே இருந்த அந்தப் பழைய தகடு, தொண்டை வரை நிரம்பி, புதிதாக ஒரு கோடு வரைந்தால்கூடச் சேமிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்திருந்தது.

என் மச்சினன், அதாவது அவள் தம்பி, சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிசைன் வேலை பார்க்கிறான். பெரிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தவன், தானே வந்து மாற்றித் தருவதாகத்தான் சொன்னான். காலண்டர் சீசன், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அந்த இடத்தில் நான் வாயை விட்டேன். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கிறவன், வயசெல்லாம் வெடிமருந்தோடு புழங்கினவன், நாலு திருகாணி கழற்ற மாட்டேனா?

பழையதில் இருப்பதைப் புதியதற்கு அப்படியே நகல் எடுப்பது எப்படி என்று போனிலேயே சொல்லிக் கொடுத்தான். சனிக்கிழமை சாயங்காலம் அதை முடித்தேன். மறுநாள் கழற்றி மாட்டுவது மட்டும்தான் பாக்கி. போனை வைக்கும் முன்னால் அவன் சொன்ன கடைசிச் சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"அத்தான், ஸ்டேட்டிக் கரண்ட்டு மட்டும் பாத்துக்கோங்க. கையில இருந்து பாஞ்சுட்டா சிப்பு போயிரும்."

இதை ஒரு வாத்தியாரிடம் சொல்லியிருந்தால், சரி என்று ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். பட்டாசுக் கம்பெனி போர்மேனிடம் சொல்லலாமா? எங்கள் மருந்து ரூம் வாசலில் ஒரு செப்புத் தகடு உண்டு. உடம்பில் இருக்கிற ஸ்டேட்டிக் அதன் வழியே மண்ணுக்குப் போய்விடும். தொடாமல் ஒருத்தரும் உள்ளே கால் வைக்க முடியாது. நைலான் கூடாது, செல்போன் கூடாது, கரண்ட் ஒயர் அந்தப் பக்கமே வரக்கூடாது. செய்து முடித்த சரக்கு மருந்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. அங்கே இதை வைத்து யாரும் சிரிப்பதில்லை. சிரிக்கிற விஷயமும் இல்லை. ஆனால் அதையே ஒருத்தன் வீட்டு ஹாலில் செய்தால்?

ஞாயிறு காலை மனைவி சர்ச்சுக்குப் போனாள். வயிறு சரியில்லை என்று சொல்லி நான் நின்றுகொண்டேன். அவள் தெருமுனை திரும்பியதும் கம்பெனி விதிகள் வீட்டுக்குள் அமலுக்கு வந்தன. பாலியஸ்டர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பருத்தி வேட்டி கட்டினேன். மோதிரம், வாட்ச், செருப்பு எல்லாம் வெளியே. போனைக் கேட் தூண் மேல் வைத்தேன். தரையில் தண்ணீர் தெளித்தேன். வாசலில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். மெயின் சுவிட்சை இறக்கினேன். செப்புத் தகட்டுக்கு எங்கே போவது? பூஜை ரூம் இல்லாத வீட்டில் செம்புப் பாத்திரம் கிடைப்பது கஷ்டம். மனைவி ஆரோக்கியத்துக்காகத் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிற செப்புச் செம்பு ஞாபகம் வந்தது. அதை ஈரத்தரையில் வைத்து, தொட்டுக் கும்பிடாத குறையாகத் தொட்டுவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தேன்.

கழற்றினேன். மாட்டினேன். அரை விரல் நீளத்தில் பச்சைத் தகடு, அவ்வளவுதான். வெளியே வந்த பழைய எஸ்எஸ்டியைப் பார்த்ததும் கை தானாக வேலை செய்தது. பருத்தித் துணியில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, காம்பவுண்டின் கடைசி மூலையில் முருங்கை மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். பழைய சரக்கும் புதுச் சரக்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாமா?

மூடியை மூடி, சார்ஜரைச் சொருகி, பட்டனை அமுக்கினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி அமுக்கினேன். திரை கறுப்பு. அதில் என் முகம் மட்டும் தெரிந்தது. அது பார்க்கிற மாதிரி இல்லை.

கேட்டுக்குப் போய் மச்சினனுக்குப் போன் போட்டேன். பின்னால் மெஷின் சத்தம். பழையதைத் திரும்ப மாட்டிப் பாருங்க, அது ஓடிவிட்டால் கவலை இல்லை, புதியதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான். சரக்கு இருக்கிற இடத்தில் ஓடக் கூடாது என்பதும் எங்கள் விதி. அந்த ஒரு விதியை மட்டும் மீறி முருங்கை மரத்துக்கு ஓடினேன்.

பழையதை மாட்டினேன். அமுக்கினேன். அதுவும் கறுப்பு.

வெடிமருந்துக்குப் பயப்படாத மனுஷன் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்த மனுஷன் பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தான். இரண்டையுமே கொன்றுவிட்டேன். ஸ்டேட்டிக் பாய்ந்திருக்கும். இல்லை, செப்புச் செம்பை நான் சரியாகத் தொடவில்லை. இல்லை, நேற்றைக்கே காலியாக இருந்ததை நிரம்பியிருந்ததன் மேல் மாற்றி நகல் எடுத்துவிட்டேனா? சாயங்காலம் அதை என் கண்ணால் பார்த்துத்தானே செய்தேன்? கண்ணாடி போட்டிருந்தேனா? வேர்த்துக் கொட்டியது. சொட்டு விழுந்து மிச்சமும் கெட்டுவிடக் கூடாதே என்று தலையைப் பின்னால் சாய்த்து, கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதே நிலையில்தான் சர்ச்சிலிருந்து வந்தவள் என்னைப் பார்த்தாள்.

வாசலில் வாளிகள். கழுவிவிட்ட மாதிரி தரை. சட்டையில்லாமல் வேட்டியோடு, செம்பைக் கையால் பிடித்தபடி புருஷன்.

"யாரு செத்தாக? யாரு வீட்டுத் துஷ்டிக்குப் போயிட்டு வந்து இப்படி உக்காந்திருக்கீக?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வந்தது. வயிறு என்று ஆரம்பித்தேன். பிறகு மேஜையைப் பார்த்தாள், திறந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"உன் படமெல்லாம் போயிருச்சு. ரெண்டுலயும் இல்ல. நான்தான் கெடுத்துட்டேன்."

அவள் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வேதாகமத்தை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். குடுவைப் படமுமா என்று மெதுவாகக் கேட்டாள். தலையாட்டினேன். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பரீட்சைக்குள் எது எதை மறுபடி வரைய முடியும் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறாள் என்பது அவள் விரல்கள் மேஜையில் கோடு இழுப்பதிலிருந்து தெரிந்தது. முதலில் இழுத்தது உருண்டையாக ஒரு கோடு. பக்கத்தில் ஒரு மூக்கு.

"புழுங்குது. அந்த பேனைப் போடுங்க," என்றாள்.

எழுந்து சுவிட்சைப் போட்டேன். பேன் சுற்றவில்லை.

"கரண்ட்டு இல்லையா? பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடுதே."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. விளங்கினதை முகத்தில் காட்டாமல் வராண்டாவுக்கு நடந்துபோய் மெயின் சுவிட்சை ஏற்றினேன். உள்ளே பேன் சுற்றியது, பிரிட்ஜ் உறுமியது. திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தினவளிடம் முகத்தை எங்கே மறைப்பது?

"மெயின நீங்கதான் அணைச்சீகளா?"

"மருந்து ரூம்ல கரண்ட்டு இருக்கக் கூடாதுல்ல."

"ஏங்க, அதுக்குப் பேட்டரிதான் எப்பவோ செத்துப்போச்சே. கரண்ட்டும் இல்லாம அது எப்படி எந்திரிக்கும், ஜெபம் பண்ணியா?"

சர்ச்சுக்குக் கொண்டுபோன துணிப்பையை எடுத்து என் தோளில் ஒரு போடு போட்டாள். பிறகு நாற்காலியில் விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். எது சிரித்ததில் வந்தது, எது அதற்கு முன்னாலேயே வந்தது என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

பட்டனை அமுக்கினோம். பழையது தன் வழக்கப்படி வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் எழுந்தது. படங்கள் அத்தனையும் இருந்தன. அதற்குப் பிறகுதான் புதியதை மறுபடி மாட்டினேன். இந்த முறை மெயின் கிடந்தபடி கிடந்தது, சார்ஜரை மட்டும் பிடுங்கினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எதற்கும் இருக்கட்டும் என்று செம்பைத் தொடச் சொன்னாள். கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. தொட்டேன்.

சார்ஜரைச் சொருகியதும் அவளே பட்டனை அமுக்கினாள். அமுக்கிவிட்டு, பழக்கத்தில் எழுந்து அடுக்களைக்கு நடந்தாள். கேஸ் லைட்டரை எடுத்தாளோ இல்லையோ, திரை வந்துவிட்டது. கூப்பிட்டேன். லைட்டரும் கையுமாக வந்து பார்த்தவள் அந்தக் குடுவைப் படத்தைத்தான் முதலில் திறந்தாள். இப்போது பார்க்க அது நன்றாகத்தான் இருந்தது. மூக்குக்கூட லட்சணமாக இருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். முன்னால் சொன்னதே போதும் என்று விட்டுவிட்டேன்.

"இம்புட்டு வேகமா வந்தா டீ எப்பங்க போடுறது?" என்றாள்.

லைட்டரை என்னிடம் நீட்டினாள். அன்றிலிருந்து காலை டீ நான்தான் போடுகிறேன்.