புத்தூர் கூட்டத்தில் நான் தூக்கிய கை

இன்று காலை திருப்பதி பஸ்ஸில் முன் இருக்கையில் இருவர். ஒருவரிடம் தமிழ்ப் பத்திரிகை, மற்றவரிடம் தெலுங்குப் பத்திரிகை. இரண்டிலும், புத்தூர் மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்று நடந்த எல்லைக் கூட்டத்தின் ஒரே படம். அதில் கையைத் தூக்கியபடி நான்!

தமிழில்: “மெட்ராஸோடு சேரத் துடிக்கும் வாலிபர்.”

தெலுங்கில்: “ஆந்திராவுக்காக முழங்கும் வாலிபர்.”

தமிழ்ப் பத்திரிகைக்காரர் திரும்பினார். “ஏம்பா, இது நீதானே? எந்தப் பக்கம் கத்திக்கினு இருந்தே?”

“சோடாக்காரரைக் கூப்ட்டுக்கினு இருந்தேண்ணா.”

பஸ்ஸே சிரித்தது.

“அத எவன்பா போடுவான்?” என்றார் தெலுங்குப் பத்திரிகைக்காரர்.

மெட்ராஸுக்காக மறியல் செய்த என் நைனா தமிழ்ப் பத்திரிகை மட்டுமே படிப்பார். இன்று அவருக்கு நான் வீரன். நாளை அவர் முடிவெட்டப் போகிற கடையில் இந்தத் தெலுங்குப் பத்திரிகைதான் கிடக்கும்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாமா? விடுதி நண்பர்களே, இந்த அறிவிப்புப் பலகையிலேயே கீழே எழுதுங்கள்.