முள் ஏறாத கார்

என் அக்காவின் வலது காலைப் பற்றிக் கொஞ்ச காலம் எங்கள் தெருவே பேசியது. கனமான காலாம். ஆக்ஸிலேட்டரில் வைத்தால் எடுக்கத் தெரியாத காலாம். அதனால்தான் அவள் கார் கரும்புகை கக்குகிறதாம், பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கிறதாம். இதைக் கிளப்பிவிட்டது வேண்டாதவர்கள் இல்லை. எங்கள் கூடப்பிறந்த அண்ணன். அதுவும் தன் ஒர்க்‌ஷாப்பில், வாடிக்கையாளர்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க, அக்காவை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு சொன்னார்.

“வண்டில ஒண்ணுமில்ல. கோளாறு எல்லாம் இவ கால்லதான் இருக்கு.”

பெஞ்சு மொத்தமும் சிரித்தது. நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா கார் ஓட்டக் கற்றுத் தருபவள். கல்யாணம் சரிப்படாமல் வீடு திரும்பியவள் மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்று சொந்தக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். அவள் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டே லைசென்ஸ் எடுத்தாள். சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய காரை வாங்கினாள். பக்கத்து சீட்டுக்கும் கிளட்ச், பிரேக் பொருத்தி, கூரையில் போர்டு மாட்டினாள். கியரைத் தொட்டாலே கை நடுங்குகிற தையல்காரம்மா, எதிரே வருகிற லாரியைக்கூட அதட்டி உட்கார வைக்கப் பார்க்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் என்று பயந்தவர்களும் வயதானவர்களும் அவளைத் தேடித்தான் வந்தார்கள். படிக்கிறவர் அலறுவதற்கு முன்பே அவள் கால் பிரேக்கில் இருக்கும். அதனால் பெயரே ‘பிரேக் டீச்சர்’ என்று ஆகிவிட்டது. யாருக்கு எந்த நேரம் வகுப்பு என்று ஃபோனில் பேசி ஒழுங்கு செய்வது என் வேலை.

இப்போது சொல்லுங்கள். வகுப்பு நேரத்தில் ஆக்ஸிலேட்டரில் இருப்பது யார் கால்? படிக்கிறவர் கால். அக்கா பக்கத்தில் ஆக்ஸிலேட்டரே கிடையாது. அங்கே கிளட்சையும் பிரேக்கையும் மட்டும் பொருத்திக் கொடுத்தவரே அண்ணன்தான். இதைக்கூட யோசிக்காமல் பல்லைக் காட்டிய பெஞ்சை என்னவென்று சொல்வது?

எல்லாம் ஒரு கோடையில் ஆரம்பித்தது. மேட்டில் ஏறும்போது கார் ஒரு முறை கொதித்து நின்றுவிட்டது. அண்ணன் இழுத்துக்கொண்டு போய் மறுநாளே திருப்பிக் கொடுத்தார். “இனிமே ஜென்மத்துக்கும் சூடாகாது” என்றார். சொன்னபடியே சூடாகவில்லை. சூட்டைக் காட்டும் முள் அடியில் படுத்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. பார்க்கும்போதெல்லாம் அண்ணன் பானெட்டைத் தட்டிக்கொடுத்து, “எஞ்சின் பச்சத்தண்ணி மாதிரி இருக்கு பாத்தியா” என்பார். நாங்களும் பெருமையாகத் தலையாட்டினோம்.

அதற்குப் பிறகுதான் நாற்றம் வந்தது. வண்டியிலிருந்து இறங்கினால் துணியெல்லாம் பெட்ரோல் வாடை. புகைக்குழாய்க்குள் விரலை விட்டால் கரி. தையல்காரம்மா குமட்டுகிறது என்று சொல்லி வகுப்பை நிறுத்திக்கொண்டாள். அண்ணன் பிளக்கைக் கழற்றினார், கரி பிடித்திருந்தது, மாற்றினார். புது பிளக்கும் கரியானது. ஏர் ஃபில்டரை மாற்றினார். இன்ஜெக்டரைக் கழுவினார். ஆக்ஸிஜன் சென்சார் என்று ஒன்றை மாற்றினார். எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது, ஏன் போகிறது என்பது தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் தலையா போய்விடும்? சொல்லமாட்டார். மாற்றக்கூடியதையெல்லாம் மாற்றிவிட்டு, கடைசியில் மாற்ற முடியாத ஒன்றின் மேல் பழியைப் போட்டார். அது அக்காவின் கால்.

புகைச் சோதனையில் கார் இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறையும் தவறினால் பயிற்சி வண்டி என்ற அனுமதி ரத்தாகிவிடும் என்று சோதனை நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். வேறு கார் வாங்க வழியில்லை. அண்ணன் அதற்கும் தயாராக ஒரு யோசனை வைத்திருந்தார்.

“வித்துடு. நம்ம ஒர்க்‌ஷாப்ல வந்து பில் போடு. பழகின வேலைதானே?”

எந்த வேலையிலிருந்து கையை ஊன்றி எழுந்து வந்தாளோ, அதே வேலை. அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நான் இரண்டு பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டேன்.

ஆனால் பக்கத்து சீட்டில் நாள் முழுக்க உட்காருகிறவளுக்கு வண்டியின் மூச்சு தெரியும். ஒரு நாள் பாலத்தடியில் பெரிய நெரிசல். தலைமை ஆசிரியர் ஸ்டியரிங்கில் இருந்தார். வண்டி நகரவே இல்லை. நின்று நின்று முள் மெல்ல எழுந்து பாதி வழி வந்தது. அவர் பயந்துபோய், “டீச்சர், சூடாகுது டீச்சர்” என்றார். அக்கா முள்ளைப் பார்க்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நாற்றம் போயிருந்தது. நெரிசல் கலைந்து வண்டி வேகம் எடுத்ததும் காற்று பட்டு முள் கீழே போனது. நாற்றம் திரும்பி வந்தது.

மறுநாள் காலை ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் செருகினாள்.

“என்னக்கா இது?” என்றேன்.

“காத்து படாம மூடறேன். ஏறி உக்காரு.”

முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சுற்றுச் சாலையில் ஓட்டினாள். முள் நடுவுக்கு வந்தது. எஞ்சின் உறுமல் அடங்கி, வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. ஓரமாக நிறுத்தி இருவரும் பின்னால் போய்ப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் குனிந்து நின்றோம். வாடை இல்லை. தெருவில் போன ஒருவர் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம்.

“அண்ணா, கொதிச்சப்போ இதுல என்ன பண்ணீங்க?”

“தெர்மோஸ்டாட்ட கழட்டிப் போட்டேன். எல்லா வண்டிக்கும் அதான் பண்றது. வெயில் ஊருக்கு அது எதுக்கு?”

மூடி மாதிரி ஒரு சின்ன சாமான் அது. எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து நிற்கும். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியாகச் சூடேறாது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் அதைக் கழற்றிப் பழகிய கை அண்ணனுடையது. இந்த வண்டியில் பெட்ரோலை அளந்து ஊற்றுவதோ ஒரு கம்ப்யூட்டர். எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று சூட்டை அளக்கும் சென்சார் சொன்னால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஊற்றுவது போல அது கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். பாவம், சென்சார் பொய் சொல்லவில்லை. எஞ்சின் உண்மையிலேயே குளிராகத்தான் இருந்தது.

அக்கா அட்டை விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அட்டைய வச்சு எஞ்சினை வேக வைக்கப் பாத்தியா? உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?”

“முள் நடுவுல நின்னா நாத்தம் இல்லண்ணா. நீங்களே வந்து பாருங்க.”

“நான் பாக்காத எஞ்சினா? போ, வேலையப் பாரு.”

பார்க்கக்கூட வரவில்லை. நாலு எட்டு வைத்தால் வாசலில் கார் நிற்கிறது, வரவில்லை.

உதிரிபாகக் கடைக்காரர் தெர்மோஸ்டாட் டப்பாவின் தூசியை ஊதித் துடைத்துத் தந்தார். “இத கழட்டுறவங்களத்தான் பாத்திருக்கேன், மாட்டுறவங்க நீங்கதாம்மா” என்றார். வீட்டு வாசலில் வைத்து அக்காவே மாட்டினாள். இரண்டு போல்ட்டும் ஒரு கேஸ்கெட்டும்தான். குழாயில் காற்று நிற்காமல் தண்ணீர் நிரப்பியதுதான் பெரிய பாடு. அதில் என் புது செருப்பு பாழானது. கொதித்த அன்று என்ன கோளாறு என்பதும் அப்போது தெரிந்தது. ரேடியேட்டர் விசிறியின் ஒயர் கழன்று கிடந்தது. அதையும் சொருகினாள்.

சோதனை நாளன்று அண்ணன் தானாகவே வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார், ஆம்பளைத் துணை வேண்டுமாம். நான் பின்னால். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு வேன் நின்றது. அப்போதுதான் அண்ணன் முள்ளைப் பார்த்தார். நடுவில் நின்றது. அவர் முகம் மாறிவிட்டது.

“ஆஃப் பண்ணு. எஞ்சின் போயிடும்.”

“ஆறிப்போச்சுன்னா சோதனை போயிடும்.”

“சொல்றேன்ல” என்று சாவிக்குக் கையை நீட்டினார்.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். “கைய எடுங்கண்ணா. என் வண்டி.”

எங்கள் வீட்டில் அண்ணனின் கையை யாரும் அப்படித் தடுத்ததில்லை. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். முள் இன்னும் ஒரு கோடு ஏறினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. முள் அங்கேயே நின்றது. வேன் நகர்ந்தது.

சோதனைக்காரர் குழாயைச் செருகி, திரையைப் பார்த்து, இன்னொரு முறை பார்த்தார். தேறிவிட்டது, அதுவும் வெகு சுலபமாக. அவர் அக்கா பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து அண்ணனிடம், “பழைய வண்டிய பிரமாதமா வச்சிருக்கீங்க சார்” என்றார். அண்ணன் ஒரு மாதிரி தலையசைத்தார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் பின் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் ஆயில் மாற்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். பெஞ்சில் அதே ஆட்கள், அதே டீ. ஒருவருடைய கார் பானெட் திறந்து நின்றது. சூடாகிறது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுங்கள் என்று அவர் கேட்டார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார்.

“அதத் தொடவே கூடாது சார். கழட்டினா வண்டி பெட்ரோலாக் குடிக்கும், புகை தள்ளும். விவரங்கெட்டவன் எவனாவதுதான் அதக் கழட்டுவான்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா பெஞ்சுக்கு எதிரில், அன்றைக்கு அவளை நிற்க வைத்த அதே இடத்தில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“என் வண்டில கழட்டினது எவன்னு சொல்லுங்கண்ணா. என் காலப் பத்தி இவங்க முன்னாலதானே சொன்னீங்க?”

டீ டம்ளர்கள் அப்படியே நின்றன. அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“நான்தான்” என்றார் கடைசியில். “அவ கால்ல ஒண்ணுமில்ல.”

அக்கா தலையாட்டிவிட்டு வெளியே போனாள். தையல்காரம்மா திரும்ப வந்திருந்தாள், வகுப்புக்கு நேரமாகிவிட்டது. நான் மட்டும் நகரவில்லை. அவர் சொன்னது பெஞ்சின் கடைசி ஆளுக்குக் கேட்டிருக்காது என்று எனக்குப் பட்டது. “இன்னொரு தடவ சொல்லுங்கண்ணா” என்றேன்.