பத்ரி திருத்தாமல் விட்டது

பிறர் செய்த தவற்றைக் கண்டுபிடிப்பதுதான் பத்ரிக்குத் தொழில். டெக்ஸஸ் ஃபிரிஸ்கோவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் மேனேஜர். மற்றவர்கள் எழுதிய ப்ரோக்ராமில் ஓட்டை அகப்பட்டால் அன்று முழுக்க முகம் மலர்ந்திருப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட, தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளை பெயரைப் படிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு தவற்றை மட்டும் இரண்டரை வருஷம் திருத்தாமல் விட்டார்.

அவருடைய ஒரே மகள் விஷாகா, தெற்கே கடலோர ஊரான கால்வெஸ்டனில் கடல் அறிவியல் படிக்கிறாள். அவள் சேர்ந்த புதிதில், அனுமார் கோயில் பிரசாத வரிசையில் நண்பர் சிவராமகிருஷ்ணன் கேட்டார்.

"பொண்ணு எங்க சேர்ந்திருக்கா?"

"கால்வெஸ்டன்ல."

"ஓ, ப்ரீ-மெட்டா! அப்படியே அங்கயே மெடிக்கலும் முடிச்சுடலாமே. சூப்பர் பத்ரி!"

கால்வெஸ்டனில் பெரிய மருத்துவக் கல்லூரி இருப்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வேறு படிப்பும் அங்கே இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. பத்ரி வாயைத் திறந்தார். முன்னால் நின்ற நாலு பேர் திரும்பி அவரை மரியாதையோடு பார்த்தார்கள். திறந்த வாயில் சுண்டலைப் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு அது பொய்கூட இல்லை, வெறும் மௌனம். மௌனத்துக்கும் வயசாகும் அல்லவா? அடுத்த தீபாவளிக்குள் ஊரே விஷாகாவை டாக்டராக்கிவிட்டது. இவரும் "நல்லாப் படிக்கறா" என்று பொதுவாகச் சொல்லிச் சமாளித்தார். மற்ற பிள்ளைகளெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும்போது, என் பெண் மீன் படிக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது? விஷாகாவோ ஞாயிறு தவறாமல் கூப்பிட்டு, மீன் தலையைப் பிளந்து காதெலும்பை எடுத்து, அதில் வளையங்களை எண்ணி வயசு கண்டுபிடித்ததை மூச்சு விடாமல் சொல்வாள். வீட்டுக்கு யாராவது வந்திருந்தால் பத்ரி ஃபோனை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விடுவார்.

போன மார்ச்சில் ஒரு ஞாயிறு காலை சிவராமகிருஷ்ணன் கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது. கால்வெஸ்டனில் க்ரூஸ் முடிந்து கப்பலை விட்டு இறங்கியதும் அவர் மனைவி ருக்மிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாளாம். அப்பெண்டிக்ஸ் வெடித்திருக்கிறது.

"ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க பத்ரி. என்னென்னமோ சொல்றாங்க, எதுவும் மண்டைல ஏறல. நல்லவேளை, விஷாகா இங்கயே இருக்கா. அவளுக்கு நாலு டாக்டரையாவது தெரிஞ்சிருக்கும். கொஞ்சம் வரச் சொல்லுங்க, ப்ளீஸ்."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். பத்ரி, "இதோ சொல்றேன் சிவா" என்றார்.

மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "மெடிக்கல் இல்லைன்னு இப்ப சொல்லாதே கண்ணா. பாவம், ரொம்ப பயந்து போயிருக்கார்."

"வாட்? ஒய் டஸ் அங்கிள் திங்க் ஐ'ம் மெடிக்கல்?"

கோயில் வரிசையில் நடந்ததைப் பத்ரி மென்று முழுங்கிச் சொன்னார். அவள், "ஓகே. ஐ'ல் கோ" என்று வைத்துவிட்டாள்.

இருக்க முடியாமல் காரை எடுத்தார். ஐந்தரை மணி நேரப் பயணம். ஹூஸ்டன் தாண்டும்வரை என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் யோசித்தார், வெட்கக்கேடு.

ஆஸ்பத்திரி நாலாவது மாடியில் விஷாகா உட்கார்ந்திருந்தாள். மீன் பிடிக்கப் போன காலேஜ் படகிலிருந்து நேராக வந்திருக்கிறாள். முழங்கால்வரை வெள்ளை ரப்பர் பூட்ஸ், உடம்பெல்லாம் மீன் வாசனை. தண்ணீர் பட்டாலும் நனையாத நோட்டு ஒன்றில் டாக்டர் சொன்னதையெல்லாம் எழுதி, சிவராமகிருஷ்ணனுக்கு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது.

பத்ரியைப் பார்த்ததும் சிவராமகிருஷ்ணன் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சாரி பத்ரி. உங்க பொண்ணு வந்த உடனே சொல்லிட்டா, நான் மெடிக்கல் இல்ல அங்கிள், கடல் சயின்ஸ்னு. அப்பா கரெக்டாத்தான் சொல்லியிருப்பார், கோயில் சத்தத்துல உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காதுன்னு சொன்னா. நான்தான் தப்பாப் புரிஞ்சுண்டு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

கண்ணில் தண்ணீரோடு ஒரு மனிதன் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கிறான். பத்ரி என்ன செய்தார் தெரியுமா? அவர் தோளைத் தட்டி, "பரவால்ல சிவா" என்று மன்னித்தார்.

சொன்ன மாத்திரத்தில் விஷாகாவின் முகத்தைப் பார்த்தார். அவள் நோட்டை மூடி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகைக் கழுவ வேண்டும் என்று அவள் கிளம்பியபோது கூடவே பார்க்கிங் வரை இறங்கினார்.

"எனக்காக நீ அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்டா."

விஷாகா தமிழில் பதில் சொல்லியே பல வருஷம் ஆகியிருக்கும். வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள்.

"உங்களுக்காக இல்லப்பா. அங்கிள் அழுதுட்டிருந்தார். நீங்க அவரை ஏமாத்தினீங்கன்னு அப்ப எப்படிச் சொல்றது?"

காரில் ஏறிப் போய்விட்டாள். பத்ரி அங்கேயே நின்றார். பிறகு லிஃப்ட் பொத்தானை அமுக்கினார்.

"என்ன பத்ரி, எதையாவது விட்டுட்டீங்களா?" என்று சிவராமகிருஷ்ணன் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து, அவர் உட்கார இடம் செய்தார்.

"நீங்க தப்பாப் புரிஞ்சுக்கல சிவா. எனக்கு அவ படிப்பைச் சொல்ல வெக்கமா இருந்தது. இன்னிக்குக் காலைலகூட நான் சொல்லல."

சிவராமகிருஷ்ணன், "அப்படியா" என்றார். கையிலிருந்த பையை மறுபடி அந்த நாற்காலியிலேயே வைத்தார்.