மடியில் பிள்ளையைப் போட்டவர்

ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, புற்றுக்கட்டி என்று ஆஸ்பத்திரியில் என் இடது மார்பை அறுத்தெடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். புண் ஆறியும் இடக்கையை அசைக்கப் பயந்தேன்.

பால்மரம் வெட்டப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா பக்கத்து வீட்டில் இருந்தார். நெட்டையானவர்; வாயில் எப்போதும் வெற்றிலை. கேட்காமலே யார் மடியிலும் பிள்ளையைப் போட்டுவிடுவார். ஒருநாள் என் மடியிலும் போட்டார்.

"ஐயோ அக்கா, எனக்குக் கை வராதே!"

"புள்ளைக்கு அது தெரியுமா? பாத்துக்க, ஒலை கொதிக்குது."

சற்று நேரத்தில் பிள்ளை இறங்கி வாசற்படியை நோக்கித் தவழ்ந்தது. பதறிப்போய் இரண்டு கைகளாலும் வாரித் தூக்கினேன். வலியில் கண் இருண்டது. ஆனால் கை வந்துவிட்டது.

மறுநாள் அவர் வரும் முன்பே மடியை விரித்து உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் உண்மையிலேயே உலை கொதித்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.