டீச்சர் கொண்டுபோன கல்

பேய், பிசாசு, சாமி ஆடுவது எதையும் நான் நம்புகிறவள் இல்லை. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம். நீங்களும் நம்ப வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வாழவந்தி. என் வீட்டுக்காரர் ஏற்காட்டில் ஜீப் ஓட்டினார். எண்பதுகளில் ஒரு வருஷம் சேலத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தாள், மலையின் பழைய சரித்திரம் தெரிய வேண்டுமாம், இவர்தான் கூட்டிக்கொண்டு அலைந்தார். வீட்டில் சோறு போடு, தண்ணி கொடு என்பதற்கு மேல் பேசாத மனுஷன். கடைசி நாள் நானும் ஜீப்பில் பின்னால் ஏறிக்கொண்டேன். துரை பங்களாவில் பழைய சாமான் வைத்திருந்த அறை, வெள்ளைக்காரர் கல்லறை, போன இடமெல்லாம் இவர் பேசினார், அவள் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் எங்கள் ஊர்ப் பிள்ளையாரிடம் வந்தோம். எங்கள் பக்கம் காடு கொத்தும்போது கோடாலி வாய் மாதிரி வழவழப்பான கல் கிடைக்கும். கிடைத்தவர் பிள்ளையார் முன்னால் வைத்துவிட வேண்டும், வைத்ததை யாரும் எடுக்கக் கூடாது. குவியலாகக் கிடக்கும். ஆதி மனுஷர் செய்த கோடாலி என்றாள் டீச்சர். இவர் தேடாமலே ஒன்றை எடுத்தார்.

"இது நான் வெச்சதுங்க டீச்சர். சின்னப் பையனா இருக்கறப்பக் கெடச்சுதுங்க. மொனை ஒடைஞ்சிருக்குது பாருங்க."

எட்டு வருஷம் குடித்தனம் செய்தவள் நான். என்னிடம் அதைச் சொன்னதே இல்லை.

"மியூசியத்துல வைக்கலாம். குடுப்பீங்களா?" என்றாள்.

"ஏனுங்க, சாமிக்கு வெச்சதையா குடுக்கறீங்க?" என்றேன் இவரிடம்.

"படிச்சவங்க கேக்கறாங்க. நீ சும்மா இரு புள்ள."

தன் துண்டில் முடிந்து கொடுத்தார். அவள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். ஏற்காட்டில் பஸ் ஏற்றிவிட்டோம், பஸ் திரும்பி மறைகிறவரை இவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்தோம். பூட்டின வீடு, சாவி என் இடுப்பில். கதவைத் திறந்தால் என் ராகிப் பானை மூடிமேல் அந்தத் துண்டு, அதே முடிச்சு. உள்ளே முனை உடைந்த கல்.

"நீ எடுத்தியா?"

"உங்க கூடத்தானுங்களே இருந்தேன்."

விடிந்ததும் கொண்டுபோய்ப் பிள்ளையார் முன்னால் வைத்தார். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். அவளுக்குக் கொடுத்தது என்னிடமே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். திரும்பும்போது மியூசியம் பார்க்கலாம் என்றார் இவர். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கல் இருந்தது. அதே உடைந்த முனை. இவர் வெகு நேரம் அங்கேயே நின்றார். ஊருக்கு வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். பிள்ளையார் முன்னாலும் இருந்தது.

இப்போது அவர் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது அந்தக் கல்லைத் தொட்டுப் பார்ப்பேன். உச்சி வெயில் பட்ட நாளிலும் சில்லென்றுதான் இருக்கும்.

மியூசியத்தில் அன்று கண்ணாடிமேல் கை வைத்தேன். அந்தக் கல்லுக்கு நேரே மட்டும் சூடாக இருந்தது, அவர் உள்ளங்கை மாதிரி.